தொட்டிற் பழக்கம்

சென்ற தை மாதம் நம் மன்றத்தின் சார்பில் நடைபெற்ற பொங்கல் விழாவில் இரத்ததான முகாம் ஒன்றும் இடம் பெற்றிருந்தது அன்பர்கள் பலருக்கும் நினைவிருக்கும். அன்று இரத்தம் கொடுத்தவர்களுள் என் அறைத் தோழரும் ஒருவர். பத்து நாள் சென்றபின் இரத்த வங்கியிலிருந்து அவரை நேரில் வரும்படி அழைத்தார்கள். திரும்பி வந்தவர் கையில் ஒரு சீட்டு இருந்தது. பி வகைக் கல்லீரல் அழற்சி வைரஸின் மேலுறைப் புரதம் அவருடைய இரத்தத்தில் இருப்பதாக அதில் கண்டிருந்தது.

அன்றிரவு விடுதியின் உணவுக் கூடத்தில் அவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கீழே வைத்த செம்பை நான் எடுக்கத் தயங்கினேன். ஒரு கணந்தான் தயங்கினேன். ஆனால் அவர் அதைக் கண்டுகொண்டார். உயிர் வேதியியலில் ஆராய்ச்சி செய்யும் மாணவன் நான். அவ்வைரஸ் உணவினாலோ, தண்ணீரினாலோ, தொடுவதனாலோ பரவுவதில்லை என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். அப்படிப்பட்ட நானே தயங்கினேன் என்றால், மறுநாள் முதல் சிலர் அவர் அருகே அமராமல் வேறு மேசை தேடியதில் வியப்பென்ன? இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒரு கணந்தான். நண்பரின் இசைவு பெற்றே எழுதுகிறேன். பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன்.

அவர் வீட்டார் அனைவரும் ஊரில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டார்கள். தாயாருக்கும், மணமாகி ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்த அக்காவுக்கும் அதே முடிவு வந்தது. ஆனால் அத்தையின் கணவருடைய முடிவு வேறு விதமாக இருந்தது. அவர் முப்பது வயதில் கடுமையான மஞ்சள் காமாலையில் விழுந்தவர். அவர் இரத்தத்தில் இப்போது வைரஸ் இல்லை. அதை ஒரு காலத்தில் எதிர்த்துப் போரிட்டதற்கு அடையாளமான எதிர்ப்பொருள்கள் மட்டுமே இருந்தன. இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு நண்பர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

“மாமா இரண்டு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தார், பிழைப்பாரோ மாட்டாரோ என்று வீடே அழுதது. அவர் உடம்பில் இன்று வைரஸ் இல்லை. எனக்கு ஒரு நாள் காய்ச்சல் கூடச் சரியாக வந்ததில்லை. என் உடம்பில் அது கோடிக் கணக்கில் இருக்கிறதாம். நீதான் படித்தவனாயிற்றே, இது என்ன நியாயம் சொல்!”

கேள்வி மிக நல்ல கேள்வி. நோயில் வருந்தியவர் விடுபட்டார், வருந்தாதவர் சிறைப்பட்டார். இவ்விருவருக்கும் உள்ள வேறுபாடு உடல் வலிமை அன்று, உணவு அன்று, ஊழ்வினையும் அன்று. வைரஸ் எந்த வயதில் வந்து சேர்ந்தது என்பதுதான் வேறுபாடு. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வைரஸும் அதன் புரதங்களும்

1960-களில் அமெரிக்க விஞ்ஞானி பரூக் பிளம்பர்க் என்பவர் பல நாட்டு மக்களின் இரத்தத்தை ஒப்பிட்டு ஆராய்ந்து வந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவரின் இரத்தத்தில், அதுவரை அறியப்படாத புரதம் ஒன்றை அவர் கண்டார். அதற்கு ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜன்’ என்று பெயரிட்டு 1965-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதுவே பி வைரஸின் மேலுறைப் புரதம் என்பது பின்னரே தெளிவாயிற்று. இக்கண்டுபிடிப்பிற்காக 1976-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த நாளாகிய ஜூலை 28 இன்று உலகக் கல்லீரல் அழற்சி நாளாகக் கொள்ளப்படுகிறது.

பி வைரஸ் மிகச் சிறியது. அதன் குறுக்களவு 42 நானோமீட்டர். ஏறக்குறைய 24,000 வைரஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். அதன் பரம்பரைச் செய்தி முழுவதும் சுமார் 3,200 எழுத்துகளில் அடங்கிவிடுகிறது. அதில் உள்ள ஜீன்கள் நான்கே. இத்துணைச் சிக்கனமாக வாழும் ஓர் உயிர்ப்பொருள் வீணாக எதையும் செய்யாது என்று நாம் எதிர்பார்க்கலாம். ஆனால் அது இரண்டு இடங்களில் பெரும் ஊதாரியாகக் காட்சியளிக்கிறது.

முதலாவது, மேலுறைப் புரதம். முழுமையான ஒரு வைரஸுக்கு ஆயிரக் கணக்கில், உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் மேலுறைத் துகள்கள் இரத்தத்தில் மிதக்கின்றன. உடலின் எதிர்ப்பொருள்கள் இந்த வெற்று உறைகளைப் பற்றிக்கொண்டு தீர்ந்து போகின்றன. உண்மையான வைரஸ் தப்பிவிடுகிறது.

இரண்டாவது, ‘ஈ’ புரதம். (இது பறக்கும் ஈ அன்று; ஆங்கில எழுத்தின் பெயர்.) 1972-இல் சுவீடன் நாட்டில் மாக்னியஸ், எஸ்ப்மார்க் என்னும் இருவர் இதைக் கண்டனர். வைரஸின் ஒரே ஜீனிலிருந்து இரண்டு புரதங்கள் உண்டாகின்றன. ஒன்று கல்லீரல் அணுவுக்குள்ளேயே தங்கி, வைரஸின் உட்கூட்டைக் கட்டுகிறது. மற்றொன்றாகிய ‘ஈ’ புரதம் அணுவை விட்டு வெளியேறி இரத்தத்தில் கலந்துவிடுகிறது. இரண்டும் பெரும்பகுதி ஒரே அமைப்பு உடையவை. இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னால் தேவைப்படும்.

‘ஈ’ புரதம் எதற்குப் பயன்படுகிறது? வைரஸ் பெருகுவதற்கு அது தேவையில்லை. அதனை உண்டாக்க இயலாத வைரஸ் வகைகள் உள்ளன. அவை நன்றாகவே பெருகுகின்றன. வைரஸின் உடலிலும் அது இடம் பெறுவதில்லை. ஆயினும் மனிதனைப் பற்றும் வைரஸ் மட்டுமன்றி, வாத்துகளைப் பற்றும் அதன் உறவினமும், அமெரிக்கத் தரை அணில் இனத்தைப் பற்றும் உறவினமும் இப்புரதத்தைக் கைவிடாமல் காத்து வந்திருக்கின்றன. பயனற்ற ஒன்றை இயற்கை இவ்வளவு காலம் சுமக்காது. அதன் பயனை அறிய வேண்டுமானால் தொட்டிலுக்கும், அதற்கும் முன்னே கருப்பைக்கும் செல்லவேண்டும்.

மாமாவின் உடலில் நடந்தது

முதலில் வளர்ந்த மனிதனைப் பார்ப்போம். தூய்மை செய்யப்படாத ஊசி மூலமோ வேறு வழியிலோ வைரஸ் இரத்தத்தில் புகுந்து கல்லீரலை அடைகிறது. முதற் சில வாரங்கள் ஒன்றும் தெரிவதில்லை. வைரஸ் கல்லீரல் அணுக்களில் ஓசையின்றிப் பெருகுகிறது. இங்கே ஒரு விந்தை உண்டு: பி வைரஸ் தான் குடியிருக்கும் அணுவைத் தானாகக் கொல்வதில்லை.

கல்லீரலில் குப்ஃபர் அணுக்கள் என்று ஒரு வகை உண்டு. இரத்தத்தில் வரும் வேண்டாப் பொருள்களை விழுங்கி அழிக்கும் காவலர்கள் அவை. நோய் வந்ததை அறிவித்து, மற்ற வீரர்களை அழைப்பதும் அவற்றின் வேலை. அழைப்பைக் கேட்டு டி அணுக்கள் வருகின்றன. இவற்றில் உதவும் டி அணுக்கள், கொல்லும் டி அணுக்கள் என்ற பிரிவுகள் உண்டு. நோயுற்ற அணு தன் மேற்பரப்பில் வைரஸ் புரதத்தின் சிறு துண்டுகளைக் காட்டிக்கொண்டிருக்கும். அத்துண்டைக் கண்டறிந்த கொல்லும் டி அணு அந்த அணுவைத் தாக்குகிறது. வேறு பல அணுக்களைக் கொல்லாமலே, சில இரசாயனச் செய்திகளை விடுத்து உள்ளிருக்கும் வைரஸை ஒடுக்கவும் செய்கிறது.

இப்போர் நடக்கும்போதுதான் கண் மஞ்சளாகிறது, உடல் தளர்கிறது, சோறு வேண்டியிருப்பதில்லை. நாம் மஞ்சள் காமாலை என்று அஞ்சுவது வைரஸ் செய்யும் அழிவு அன்று; நம் படையே நடத்தும் போரின் புகை. மாமா படுத்த படுக்கையாகக் கிடந்த இரண்டு மாதமும் அவர் கல்லீரலில் இப்போர் நடந்தது. முடிவில் அவர் வென்றார். வயது வந்தபின் இவ்வைரஸைப் பெறுபவர்களில் 100-க்கு 95 பேருக்கு மேல் இவ்வாறே வெல்கிறார்கள்.

கீழாநெல்லியைப் பற்றியும் இவ்விடத்தில் ஒரு சொல். நண்பருக்கு ஊரிலிருந்து அவர் பாட்டியார் ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தார். “மாமாவுக்கு இதுதான் குணமாக்கியது” என்பது பாட்டியாரின் உறுதி. இதை நாம் நகையாட வேண்டியதில்லை. சென்னை ஆராய்ச்சியாளர்கள், பிளம்பர்க்கும் உடன் சேர, 1988-இல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நெடுநாள் வைரஸைச் சுமந்தவர்களுள் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரிடம் மேலுறைப் புரதம் மறைந்தது என்றும், வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவரிடமே மறைந்தது என்றும் அது கூறிற்று. ஆனால் பின்னர் வேறிடங்களில் செய்த சோதனைகளில் இம்முடிவு கிட்டவில்லை. மாமாவின் நிலை வேறு. அவருக்கு வந்தது புதிய நோய். எம்மருந்தும் உண்ணாவிடினும் 100-க்கு 95 பேருக்கு மேல் குணமாகும் நோயில், கடைசியாக உண்ட மருந்துக்குப் பெயர் கிடைப்பது உலக இயல்பு.

நண்பரின் உடலில் நடந்தது

இனிப் பச்சிளங் குழந்தையைப் பார்ப்போம். பிறக்கும்போது இவ்வைரஸைப் பெறும் குழந்தைகளில் 100-க்கு சுமார் 90 பேர் அதை வாழ்நாள் முழுதும் சுமக்கிறார்கள். ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் பெற்றால் 25 முதல் 50 பேர் வரை. வளர்ந்தபின் பெற்றால் 5 பேருக்கும் குறைவு. கிருமி ஒன்றே, கல்லீரலும் அதே கல்லீரல்தான். வயது மாற மாற முடிவு தலைகீழாகிறது.

குழந்தையின் நோய் எதிர்ப்புப் படை பலவீனமானது, அவ்வளவுதானே என்று சிலர் கருதலாம். விடை அத்துணை எளிதன்று. பலவீனம் என்பதை விட, கருப்பையில் அப்படைக்கு வேறு ஒழுக்கம் கற்பிக்கப்படுகிறது என்பதே பொருந்தும். சேயின் பாதிப் பரம்பரை தந்தையுடையது. ஆகவே தாய்க்குச் சேயும், சேய்க்குத் தாயும் ஒரு வகையில் அந்நியரே. தாயின் அணுக்கள் சில நஞ்சுக்கொடி வழியே கருவுக்குள் செல்கின்றன. அவற்றைக் கண்டு சேயின் படை சீறி எழுமானால் இருவருக்கும் கேடு. ஆகவே கருவின் டி அணுக்கள் எதிர்ப்பதை விட அடக்குவதையே மிகுதியாகக் கற்கின்றன. சண்டையைத் தணிக்கும் ‘அடக்கும் டி அணுக்கள்’ கருவிலே பெருகி நிற்கின்றன என்பது 2008-இல் வெளியான ஆய்வினால் தெரிய வந்தது. பிறந்தவுடனும் இவ்வொழுக்கம் தேவைப்படுகிறது. கிருமியே இல்லாத இடத்திலிருந்து வந்த குழந்தையின் குடலில் சில நாட்களுக்குள் எண்ணற்ற நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. எல்லாவற்றோடும் போர் தொடுத்தால் குழந்தை பிழைக்குமா?

கருவில் கண்டதைத் தன்னுடையது என்று உடல் கொள்ளும் என்பதை 1953-இல் பில்லிங்ஹாம், பிரென்ட், மெடவார் என்னும் மூவர் எலிகளில் மெய்ப்பித்தார்கள். ஓர் இனத்து எலிக்கருவினுள் வேறோர் இனத்து எலியின் அணுக்களைச் செலுத்தினார்கள். கரு பிறந்து வளர்ந்த பின்னர், அவ்வேற்றினத்தின் தோலை அதன்மீது ஒட்டினார்கள். வழக்கமாகச் சில நாட்களில் உதிர வேண்டிய தோல், உதிராமல் ஒட்டிக்கொண்டது. மெடவாருக்கும், இக்கொள்கையை முன்கூட்டியே எடுத்துரைத்த பர்னெட்டுக்கும் 1960-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. “தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்” என்று நம் முன்னோர் கூறியது டி அணுக்களுக்கும் பொருந்துகிறது.

இப்போது ‘ஈ’ புரதத்தை மீண்டும் நினைவுகூர்வோம். அது சிறியது, உறையோ கூடோ இல்லாமல் தனியே இரத்தத்தில் கரைந்து திரிவது. தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து சேயின் இரத்தத்திற்குச் செல்ல அதனால் இயலும். முழு வைரஸ் பெரும்பாலும் பிரசவ நேரத்தில்தான் குழந்தையை அடைகிறது. அதற்கு முன்னரே ‘ஈ’ புரதம் சென்று, “நான் அந்நியன் அல்லன்” என்று படையிடம் அறிமுகம் செய்துகொண்டு விடுகிறது. ‘ஈ’ புரதமும் உட்கூட்டுப் புரதமும் பெரும்பகுதி ஒரே அமைப்பு என்று முன்னர்க் கூறினேன் அல்லவா? டி அணு பார்ப்பது புரதத்தின் சிறு துண்டைத்தான். ஆகவே ‘ஈ’ புரதத்தைத் தன்னுடையது என்று கற்ற படை, வைரஸின் உட்கூட்டுத் துண்டைக் காட்டும் கல்லீரல் அணுவையும் தாக்காமல் விட்டுவிடுகிறது.

இக்கருத்தை 1990-இல் அமெரிக்காவில் மிலிச் என்பவரும் அவர் குழுவினரும் எலிகளைக் கொண்டு எடுத்துக் காட்டினர். ‘ஈ’ புரதத்தைச் சுரக்கும் தாய் எலிக்குப் பிறந்த, தான் சுரக்காத குட்டிகளிலும் உதவும் டி அணுக்கள் அப்புரதத்திற்கு எதிராக எழவில்லை.

ஒரு புரதம், இரு விளைவு

2016-இல் கலிஃபோர்னியாவில் ஊ என்னும் பேராசிரியரின் குழுவினர் இன்னும் ஒரு படி சென்றார்கள். எனக்கு மிகவும் வியப்பளித்த ஆய்வு இதுவே. வைரஸின் ஜீன்களைத் தாங்கி, ‘ஈ’ புரதத்தைச் சுரக்கும் பெண் எலிகளைச் சாதாரண ஆண் எலிகளோடு சேர்த்தார்கள். பிறந்த குட்டிகளுள் வைரஸ் ஜீன் வந்து சேராதவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றின் கல்லீரலில் வைரஸைப் புகுத்தினார்கள். சாதாரணத் தாய்க்குப் பிறந்த குட்டிகள் வைரஸை விரைவில் ஒழித்துவிட்டன. ‘ஈ’ புரதமுள்ள தாய்க்குப் பிறந்த குட்டிகளிலோ வைரஸ் நிலைத்துவிட்டது. ‘ஈ’ புரதம் இல்லாத வைரஸைத் தாங்கிய தாய்களின் குட்டிகளில் அவ்வாறு நிலைக்கவில்லை.

காரணத்தைத் தேடியபோது குப்ஃபர் அணுக்களிடம் வந்து சேர்ந்தார்கள். கருவில் அறிமுகம் இல்லாத குட்டியின் குப்ஃபர் அணு ‘ஈ’ புரதத்தைக் கண்டதும் சினந்தது. அழற்சியை மூட்டிப் படையை அழைத்தது. கருவிலேயே அறிமுகம் பெற்ற குட்டியின் குப்ஃபர் அணுவோ அதே புரதத்தை மீண்டும் கண்டபோது சாந்தமாயிற்று. அதுமட்டுமன்று, பி.டி.எல்.1 என்னும் தடைப் புரதத்தைத் தன் மேற்பரப்பில் மிகுதியாக ஏந்தி, போரிட வந்த கொல்லும் டி அணுக்களையும் தடுத்தது. இவ்விதம் பழகிப்போன குப்ஃபர் அணுக்களை நீக்கியபோது அக்குட்டிகளும் வைரஸை ஒழித்தன. ஆக, படை இல்லாமலில்லை. காவலனே கதவைச் சாத்திக்கொண்டு நின்றான்.

இதற்கு முன்பே, 2011-இல், சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஓர் ஆய்வும் இதே திசையைக் காட்டிற்று. வளர்ந்த எலியின் எதிர்ப்பு அணுக்களை எடுத்து, வைரஸ் புரதங்களைக் கல்லீரலில் கொண்ட இளம் எலிகளுக்கும் வளர்ந்த எலிகளுக்கும் செலுத்தினார்கள். வீரர்கள் ஒரே வீரர்கள். வளர்ந்த எலியின் கல்லீரலில் அவர்கள் முறையாக அணி வகுத்துப் போரிட்டார்கள். இளம் எலியின் கல்லீரலில் இன்டர்லூக்கின் 21 என்னும் ஊக்கப் பொருள் போதிய அளவு உண்டாகாமல் சோர்ந்தார்கள். படையின் வயது மட்டுமன்றிப் போர்க்களத்தின் வயதும் முடிவைத் தீர்மானிக்கிறது என்பது இதனால் விளங்கும்.

எலியில் கண்டதெல்லாம் மனிதனுக்கும் பொருந்துமா என்ற வினா எழுவது இயல்பே. மனிதரிடம் கண்ட ஒரு சான்று உண்டு. ‘ஈ’ புரதமுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைகளைத் தடுப்பு முறை இன்றி விட்டால் 100-க்கு 70 முதல் 90 பேர் வரை வைரஸைப் பெற்று, பெரும்பாலும் நோய்க்குறி இன்றிச் சுமக்கிறார்கள். ‘ஈ’ புரதம் இல்லாத தாயின் குழந்தைகளுள் வைரஸைப் பெறுவோர் அதைவிடக் குறைவு. ஆனால் அவ்வாறு பெற்ற சில குழந்தைகள் இரண்டு மூன்று மாதத்தில் மிகக் கடுமையான காமாலைக்கு ஆளானதை மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கருவில் அறிமுகம் இல்லாததால் அக்குழந்தையின் படை வளர்ந்தவரின் படையைப் போல் சீறியது என்றே இதற்குப் பொருள் கொள்கிறார்கள்.

மறுபக்கத்தையும் கூறுவது கடமை. 2015-இல் சிங்கப்பூர் ஆராய்ச்சியாளர்கள் வைரஸுள்ள தாய்மார்களின் குழந்தைகளது தொப்புள்கொடி இரத்தத்தை ஆராய்ந்தபோது, அக்குழந்தைகளின் முதல்நிலைக் காவல் அணுக்கள் மந்தமாக இல்லை. மற்றக் குழந்தைகளினும் முதிர்ச்சி பெற்றே இருந்தன. ஆகவே குழந்தையின் படை உறங்குகிறது என்று பொதுவாகக் கூறிவிட முடியாது. ஒரு குறிப்பிட்ட பகைவனிடம் அது பணிவு கற்றிருக்கிறது. மற்றப் பகைவரிடம் விழிப்பாகவே இருக்கிறது.

24 மணி நேரம்

இதுவரை கூறியவற்றைக் கேட்ட நண்பர் உடனே மற்றொரு கேள்வி போட்டார்: “பிறந்த குழந்தையின் படை வைரஸ் புரதத்தைத் தன்னுடையது என்று எண்ணுமானால், தடுப்பூசியும் வைரஸ் புரதந்தானே! அக்காவின் குழந்தைக்கு அதைப் போட்டு என்ன பயன்?”

நானும் இரண்டு நாள் நூலகத்தில் தேடியே இதற்கு விடை சொன்னேன். தடுப்பூசியில் இருப்பது ‘ஈ’ புரதம் அன்று, மேலுறைப் புரதம். முழுத் துகளாகத் திரியும் மேலுறைப் புரதம் ‘ஈ’ புரதத்தைப் போல நஞ்சுக்கொடியை எளிதில் கடப்பதில்லை. ஆகவே அதனோடு கருவில் நட்புப் பூண வாய்ப்புக் குறைவு. மேலும், புரதம் எங்கே, எவ்வளவு, யாருடன் வருகிறது என்பது முக்கியம். 1996-இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரே சமயத்தில் வெளியான மூன்று ஆய்வுகள், பிறந்த எலிக்குட்டியும் தக்க அளவிலும் தக்க முறையிலும் அந்நியப் பொருளைக் கண்டால் வளர்ந்த எலியைப் போலவே எதிர்க்கும் என்று காட்டின. தடுப்பூசியில் சிறிதளவு புரதம் அலுமினியம் உப்போடு சேர்ந்து தொடைத் தசையில் இறங்குகிறது. அவ்வுப்பு அங்கே அபாய மணி அடிக்கிறது. சாந்தத்திற்குப் பேர்போன கல்லீரலில் அன்று. படை விழித்திருக்கும் தசையில் இப்பாடம் நடக்கிறது. அங்கே உண்டாகும் எதிர்ப்பொருள், பிரசவத்தின்போது வந்த சில வைரஸ்கள் கல்லீரலில் வேரூன்றுமுன் அவற்றை மடக்கிவிடுகிறது.

எனவே இது ஓர் ஓட்டப் பந்தயம். அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசி என்று விதித்திருக்கிறார்கள். தாய்க்கு வைரஸ் இருப்பது தெரிந்தால், ஆயத்தமாக எடுக்கப்பட்ட எதிர்ப்பொருளையும் 12 மணி நேரத்திற்குள் மறு தொடையில் செலுத்துகிறார்கள். இவ்விரண்டும் உரிய நேரத்தில் கிடைத்து, பின்னர் வரும் ஊசிகளும் தவறாது போடப்பட்டால் 100-க்கு 90-க்கு மேல் குழந்தைகள் தப்புகிறார்கள். தாயின் இரத்தத்தில் வைரஸ் மிகுந்திருந்தால், கடைசி மூன்று மாதங்களில் தாய்க்கு டெனோஃபோவிர் மாத்திரை கொடுத்து அதைக் குறைப்பதும் இன்றைய வழக்கம். தடுப்பூசி போட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

இது ஏட்டளவில் நிற்கும் செய்தி அன்று. தைவான் 1984-இல் இத்தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கிற்று. தைபே நகரக் குழந்தைகளில் வைரஸைச் சுமந்தவர்கள் அப்போது 100-க்கு ஏறத்தாழ 10 பேர். பத்தாண்டில் அது 1.3 ஆகக் குறைந்தது. சிறுவர்களிடையே கல்லீரல் புற்றுநோயும் பாதியளவாகக் குறைந்தது. புற்றுநோயைத் தடுக்க இயலும் என்பதை உலகுக்கு முதன்முதலில் காட்டிய தடுப்பூசி இதுவே எனலாம்.

நம் நாட்டில் 1997-இல் ஹைதராபாத் நிறுவனம் ஒன்று இத்தடுப்பூசியைத் தானே தயாரித்து விலையை வெகுவாகக் குறைத்தது. 2002-இல் சில நகரங்களிலும் மாவட்டங்களிலும் தொடங்கிய அரசின் திட்டம் 2011-இல் நாடு முழுவதும் பரவிற்று. நண்பர் பிறந்த 2003-இல் அவருடைய சிற்றூருக்கு அது வந்திருக்கவில்லை. உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2022-இல் உலகில் 25 கோடியே 40 லட்சம் பேர் இவ்வைரஸைச் சுமந்தார்கள். அவர்களுள் ஏறத்தாழ 3 கோடிப் பேர் இந்தியர். இவர்களில் பெரும்பாலோர் தம் நிலையை அறியாதவர்கள். தொட்டிலில் தொடங்கிய சாந்தம் இருபது, முப்பது ஆண்டு சென்று குலையும்போது கல்லீரல் தழும்பேறுகிறது. சிலருக்குப் புற்றுநோயும் வருகிறது. அறிந்தவரோ ஆறு மாதத்துக்கொருமுறை பரிசோதித்து, வேண்டும்போது மருந்துண்டு நெடுநாள் வாழ முடியும்.

முடிவுரை

அக்காவுக்குப் பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. அவர்களுடைய சிறு நகரத்து மருத்துவமனையில் தடுப்பூசி இருந்தது. ஆயத்த எதிர்ப்பொருள் இல்லை. மாவட்டத் தலைநகரிலிருந்து அதை ஐஸ் பெட்டியில் வைத்துப் பேருந்தில் கொண்டு வந்தவர், முப்பது வயதில் காமாலையில் கிடந்த அதே மாமா. குழந்தை பிறந்து ஒன்பது மணி நேரத்தில் இரு தொடையிலும் இரு ஊசி போடப்பட்டன. பின்னர் வந்த ஊசிகளும் தவறவில்லை. ஒன்பது மாதம் நிறைந்தபின் இரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் முடிவு தெரியும். அது வருகிற மார்கழிக் கடைசியில்.

கோடை விடுமுறையில் நண்பரின் ஊருக்குச் சென்றிருந்தேன். உணவு பரிமாறிவிட்டு அவர் தாயார் அருகே அமர்ந்து, மகன் கை கழுவச் சென்ற நேரம் பார்த்து மெல்லக் கேட்டார்: “தம்பி, நீ இதையெல்லாம் படிக்கிற பிள்ளை. மறைக்காமல் சொல். நான்தானே அவனுக்குக் கொடுத்துவிட்டேன்?”

“அம்மா, உங்கள் வயிற்றில் இருந்தபோது உங்களை எதிர்க்கக் கூடாது என்று அவன் உடம்பு கற்றுக்கொண்டது. அது கற்காமல் இருந்தால் பிள்ளையே நல்லபடியாகப் பிறந்திருக்க மாட்டான். அந்த இணக்கத்தின் மறைவில் வைரஸ் நுழைந்துகொண்டது. அதில் உங்கள் குற்றம் ஏது? அன்றைக்கு ஓர் ஊசி கிடைத்திருந்தால் போதும். அது ஊருக்கு வரவில்லை. பேத்திக்கு வந்துவிட்டது” என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. என் இலையில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார்.

நம் மன்றத்து அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, உங்களுள் இத்தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவர்கள் முதலில் ஓர் இரத்தப் பரிசோதனையும், பின்னர் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் தமக்கையரும் அண்ணியரும் பரிசோதனை செய்துகொண்டார்களா என்று கேளுங்கள். சவரக் கத்தியையும் பல் துலக்கும் பிரஷையும் எவரோடும் பகிர்ந்துகொள்ளாதீர்கள். மற்றொன்று, செம்பையும் மேசையையும் தாராளமாகப் பகிர்ந்துகொள்ளுங்கள். அதனால் இந்நோய் வாராது.

அடுத்த பொங்கலுக்கும் இரத்ததான முகாம் உண்டு. நண்பர் இரத்தம் கொடுக்க இயலாது. ஆனால் பெயர் பதியும் மேசையில் தானே அமர்வதாகக் கூறியிருக்கிறார். அதற்குள் ஊரிலிருந்து குழந்தையின் முடிவும் வந்துவிடும்.